அரிசி ஒரு வண்டியில், அடுப்பு ஒரு வண்டியில்

பிப்ரவரி 3, செவ்வாய். சங்ககிரி

டயர் கடையில் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்க டேஷ்போர்டில் கிடந்து வெயிலில் அட்டை வளைந்துவிட்டது. ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்துக் கோணலாகத்தான் வரும். கிளீனர் வேலைக்கு இப்போது யாரும் வருவதில்லை. கேபினில் பேசுவதற்கு ஆள் இல்லை என்றால் பேனாவையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன்.

இன்று வண்டிக்குச் சிப்பு மாட்டினேன். சேலத்தில் ஒரு பையன் லேப்டாப்பும் கையுமாக வந்து மாட்டிவிட்டுப் போனான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரத்தில் ஒரு திருகு, ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் நம்பர்.

"லோடு இருக்கறப்ப ஒண்ணுலயே வெச்சுக்குங்கண்ணா. காலி வண்டிக்கு வேணும்னா மேல போங்க. கறுப்புப் பொகை கண்டா உடனே கொறச்சுருங்க" என்றான்.

இது எப்படியப்பா வேலை செய்கிறது என்று கேட்டேன். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். இப்போதைய இன்ஜினுக்கு மூளை ஒன்று உண்டு. இந்தப் பெட்டி அதனிடம் போய், டீசல் பத்தவில்லை என்று ஒரு பொய் சொல்லும். மூளை அதை நம்பிக் கூடுதலாக ஊற்றும். வண்டி பிய்த்துக்கொண்டு போகும்.

மயிலாத்தாளும் இதே வேலையைத்தான் செய்வாள். "நீங்க இன்னைக்கு ஒண்ணுமே தின்னலீங்ளே" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள். மூன்று முறை போட்டுத் தின்றவனிடம் சொல்வாள். நானும் நம்புவேன். அவள் போய் இரண்டு வருசம் ஆகிறது. சிப்பைப் பற்றி எழுத வந்துவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

சிப்பு எதற்கு என்றால், முதலில் போய் நிற்கிற வண்டிக்குத்தான் புக்கிங் ஆபீஸில் முதலில் திரும்பு லோடு கிடைக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 5, வியாழன். தொப்பூர் மேலே

ஜவ்வரிசி லோடு, புனேவுக்கு. என் வண்டியும் நாச்சிமுத்து வண்டியும்.

நாச்சிமுத்து மயிலாத்தாளின் தம்பி. எங்கள் இரண்டு வண்டியும் ஒரே யார்டில் ஒரே நாளில் எடுத்தவை. ஒரே இன்ஜின், அடுத்தடுத்த நம்பர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூசணிக்காய்தான் உடைத்தோம். அன்றிலிருந்து சோடியாகத்தான் ஓட்டம். ஏற்றத்தில் எவன் முதலில் ஏறினாலும் மேலே ஓரங்கட்டி மற்றவனுக்காக நிற்க வேண்டும். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் பாதை தப்பியதற்குச் சண்டை போட்டு, பேசாமல் ஆளுக்கொரு டாபாவில் தின்றுவிட்டு வந்தோம். மயிலாத்தாள் விசயத்தைக் கேட்டுக்கொண்டாள். அடுத்த நடைக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் என் வண்டிப் பெட்டியில் வைத்தாள். பம்ப் ஸ்டவ்வையும் குண்டாவையும் அவன் வண்டியில் வைத்தாள். "இனி எப்படித் தனியாத் திங்கறீங்கன்னு பாக்கறேன்" என்றாள். அப்படியே நிலைத்துவிட்டது.

இன்று தொப்பூர் ஏற்றத்தில் நாலில் வைத்துப் பார்த்தேன். பையன் சொன்னது நினைவில் இருக்கிறது. சும்மா ஒருதரம் பார்க்கலாம் என்றுதான். இத்தனை வருசம் முக்கி முனகி ஏறின வண்டி, இன்று கார் மாதிரி ஏறியது. மேலே வந்து டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்தபிறகுதான் நாச்சிமுத்து வந்தான்.

"வண்டிக்கு என்னத்தக் குடுத்தீங் மச்சான்? கட்டெறும்பு கடிச்சாப்புல ஓடுது."

"சிப்பு மாப்ள. நீயும் ஒண்ணு போடு. உன்ற வண்டிய எருமை முந்திக்கிட்டுப் போவுது."

"எருமை போனாப் போவட்டுமுங். அது மேய எடம் பாத்துப் போவுது. நமக்குக் கெடக்குது ரோடு."

சிரித்தான். சிரிக்கும்போது மேல் உதடு ஒரு பக்கம் ஏறும். அவர்கள் குடும்பத்திலேயே எல்லாருக்கும் அப்படித்தான். நான் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு. புனே

முதலில் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, குடோன் பூட்டியிருக்கிறது. கேட்டுக்கு முன்னால் நான் மட்டும். வண்டியைக் கழுவினேன். மத்தியானம் திரும்பவும் கழுவினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நாச்சிமுத்து வந்து எனக்குப் பின்னால் நின்றான். இரண்டு வண்டி லோடும் ஒரே நேரத்தில்தான் இறங்கியது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 26, வியாழன். ஹூப்ளி

இந்த நடையில் தொப்பூர் மேலே நிற்கவில்லை. நிற்கத்தான் நினைத்தேன். ஓரத்தில் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் ஒரு ஆட்டுக்கிடை. ஆடுகளில் ஒன்றுக்குக் கொம்பு உள்நோக்கி வளைந்து கண்ணைக் குத்துவதுபோல இருந்தது. அந்த மாதிரிக் கொம்பை அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் போய்விடும். யாராவது அந்த ஆட்டுக்காரருக்குச் சொன்னால் தேவலை. அதைப் பார்த்துக்கொண்டே தாண்டி வந்துவிட்டேன். அப்புறம் திரும்பவா முடியும்?

ஹோட்டலில் தின்றேன்.

ஒன்று எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நாச்சிமுத்து சோறு பிசைகிறபோது விரலைப் பார்த்தால் அப்படியே மயிலாத்தாள் விரல். எதிரே உட்கார்ந்து தின்ன முடியவில்லை. சரி, அது வேறு விசயம். சிப்பு போட்டது திரும்பு லோடுக்காகத்தான்.

மார்ச் 18, புதன். சங்ககிரி

யூனுஸ் பாய் பட்டறை. எங்கள் இரண்டு வண்டிக்கும் முதல் நாளிலிருந்தே அவர்தான் மெக்கானிக். ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்தார். துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நாம போன மாசம் ஊத்துன ஆயில்தானுங்களா?"

"ஆமா பாய்."

"தார் ஊத்துனாப்புல இருக்குதுங்க. வழக்கத்தவிட டீசல் அதிகமா எறங்குது. முழுசா எரியறதில்ல. கரி அத்தனையும் ஆயில்ல வந்து சேருது. அந்த ஆயில்தான் பேரிங்குக்கும் லைனருக்கும் போவோணும். உப்புத்தாள வெச்சுத் தேய்க்கற மாதிரிதானுங்க."

சிப்பை எத்தனையில் வைத்து ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றில் என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலயே வெச்சிருந்தாத் தப்பில்லீங்க, அதுவும் ஆயிலச் சீக்கிரம் மாத்தோணும். ஏத்தத்துல லோடோட நாலுல வெச்சுராதீங்க செங்கோடண்ணா. பிஸ்டன் தலை வெந்துரும்" என்றார்.

இனிமேல் ஒன்றில்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஏற்றம் வந்ததும் கை தானாகப் போய்விட்டது.

ஏப்ரல் 11, சனி. கோலாப்பூர்

கிளட்ச் பிளேட் கருகி, வண்டி கிடந்தது. தாங்குகிற பலம் அதற்கு அவ்வளவுதானாம். கூடுதல் இழுவை வந்தால் வழுக்கி வழுக்கிக் கருகுமாம்.

கோகிலா பேசினாள். என் மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"ஹோட்டல்லயே தின்னு வயித்தக் கெடுத்துக்காதீங்கப்பா. சின்னதா ஒரு கேஸ் அடுப்பு வாங்கி வெச்சுக்குங்களே."

நல்ல யோசனை. கடைக்குப் போனேன். ஒற்றை அடுப்பு, நீல நிறம், கடைக்காரர் பற்றவைத்தும் காட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டார்ச்சும் தேவைதான். பழையது மங்கிவிட்டது.

மே 7, வியாழன். ஹூப்ளி

வெயில். ஹோட்டல் சோறு. உப்பு அதிகம்.

ஜூன் 20, சனி

திரும்பு லோடு வெங்காயம். சித்ரதுர்கா தாண்டி வந்துகொண்டிருந்தபோது எதிர்ப் பக்க ரோட்டில் நாச்சிமுத்து வண்டி வடக்கே போனது. தூரத்திலேயே தெரிந்துவிட்டது, கேபினுக்கு மேலே பச்சைத் தார்ப்பாயை அவன் மட்டும்தான் அப்படி மடித்துக் கட்டுவான். எங்களுக்கு ஒரு ஹாரன் உண்டு. இரண்டு குட்டை, ஒரு நீளம். அவன் அடித்தான். நானும் அடித்தேன். என்னுடையது அடித்து முடிப்பதற்குள் அவன் பாலத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டான். கேட்டதோ என்னவோ.

இன்ஜினில் ஒரு விசில் சத்தம். டர்போ என்று நினைக்கிறேன். வண்டி ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டே வருவதும் ஒருவகையில் நல்லதுதான்.

ஜூலை 13, திங்கள். சங்ககிரி

பாய் பட்டறையில் இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எத்தனை மாதத்துக்குப் பிறகு. நாச்சிமுத்து வண்டியைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தான். எதிர்பார்க்கவில்லை. ஒருவகையில் நிம்மதி.

என் வண்டிக்கு ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பாய் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டார். தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வந்தது, உலை கொதிக்கிற மாதிரி.

"ஹெட் கேஸ்கெட்டு விட்டுருச்சுங்க. உள்ள வெடிக்கற வேகம் தாங்காம கேஸ் தண்ணிக்குள்ள எறங்குது" என்றார். பிறகு நாச்சிமுத்து வண்டியின் ஆயில் குச்சியையும் என் வண்டியின் குச்சியையும் ஒரே வெள்ளைத் துணியில் பக்கம் பக்கமாகத் துடைத்துக் காட்டினார். அவனுடையது கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஓரத்தில் பழுப்பாகப் பரவியது. என்னுடையது பரவவே இல்லை. வைத்த இடத்தில் கட்டியாக நின்றது.

"ரெண்டும் ஒரே நாள் பொறந்ததுங்க. மாப்ள வண்டி இன்னும் பல வருசம் அது பாட்டுக்கு ஓடும். உங்க வண்டி அதுக்குள்ள கெழவியாயிருச்சு. இப்பவே பிரிச்சா கேஸ்கெட்டோட போயிரும். ஓட்டுனீங்கன்னா பிஸ்டனு, லைனரு, எல்லாம் போவும். வண்டிய வித்தாலும் பழைய இரும்பு வெலைக்குத்தான்."

பிரித்தால் வண்டி பட்டறையில் கிடக்க வேண்டும். வண்டி பட்டறையில் கிடந்தால் நான் வீட்டில் இருக்க வேண்டும்.

வடக்கே விரத மாசம் வருகிறது, ஜவ்வரிசிக்கு அடிபிடி, இந்தச் சீசன் முடியட்டும் என்று சொன்னேன். அங்கே ஒரு ஊரே பட்டினி கிடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நாம் கொண்டுபோய்க் கொட்டுகிற ஜவ்வரிசியை நெய்யில் வறுத்துத் தின்கிறது. நல்ல விரதம். இதைச் சொன்னால் பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. துணியை மடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 3, திங்கள். வீடு

ஆடிப் பதினெட்டு. லோடு ஏற்ற ஆள் இல்லை, எல்லாரும் காவிரிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தேன். சுவரில் பல்லி. அடுப்பங்கரைக் கதவு வீங்கித் திறக்க வரவில்லை. மழை பெய்தால் அப்படித்தான். மழை பெய்யவில்லை.

சாயங்காலம் வாசலில் நிற்கிற வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டேன். வீட்டில் கொசு.

வண்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரிசிப் பையில் வண்டு விழுந்துவிட்டது. கொட்டிவிடலாம் என்று தூக்கினேன். பிறகு கட்டித் திரும்பவும் அங்கேயே வைத்தேன்.

செப்டம்பர் 16, புதன். சத்தாராவுக்கு முன்னால்

நின்றுவிட்டது.

ஏற்றத்தின் பாதியிலேயே உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம். திருகு நாலில் இருந்தது. ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் பின்னால் வெள்ளைப் புகை ரோட்டை மறைத்துவிட்டது. ஆனாலும் ஏற்றத்தை முடித்துக் கொடுத்தது. மேலே சமதளத்துக்கு வந்து, ஒரு டாபாவுக்குப் பக்கத்தில் ஓரங்கட்ட இடம் கிடைத்தபிறகுதான் மூச்சை விட்டது. நல்ல வண்டி. எழுதிவைக்க வேண்டும், நல்ல வண்டி.

சக்கரத்துக்குக் கல் போட்டேன். பின்னால் மரக்கிளை ஒடித்துப் போட்டேன். ஆயில் குச்சியை உருவினால் பால் விட்ட காபி நிறம். தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. சிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது.

நாச்சிமுத்து இந்த நடையில் எனக்குப் பின்னால்தான் கிளம்பினான் என்று ஆபீஸில் சொன்னார்கள். போன் போட்டுப் பார்க்கலாம் என்றால் இந்த இடத்தில் சிக்னல் இல்லை.

கோகிலா கூப்பிட்டாள், அதற்கு மட்டும் சிக்னல் இருந்தது. வண்டி நின்றதைச் சொன்னேன். "மாமனுக்குச் சொன்னீங்களா?" என்றாள். கண்ணு, அவனுக்கு லோடு இருக்கிறது, அவன் வேலையைக் கெடுக்கக்கூடாது என்றேன். பேரன் பின்னால் அழுதான். பிறகு வைத்துவிட்டாள்.

வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. எல்லாமே வேகமாகப் போகின்றன.

செப்டம்பர் 17, வியாழன். சத்தாரா

காலையில் டாபாக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஏற்றத்துக்குக் கீழேயிருந்து இரண்டு குட்டை, ஒரு நீளம். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அவன் ஏறி வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். எனக்குத் தெரியும், எந்த வளைவில் எந்தக் கியரில் இருப்பான் என்று. எழுந்து ரோட்டோரம் வந்து நின்றேன். ஏற்றத்துக்கு மேலே அவனுக்காக நின்று எத்தனை நாள் ஆகிறது.

இறங்கி வந்தவன் இன்ஜினைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"எளச்சுட்டீங் மச்சான்."

"நின்னுபோச்சு மாப்ள."

"கோகிலா சொல்லுச்சுங்."

கோகிலா சொல்லாவிட்டாலும், பின்னால் கிளம்பினவன் இந்த வழியாகத்தான் வந்திருப்பான். சங்கிலி எடுத்து மாட்டினான். என் இன்ஜின் ஓடாததால் பிரேக்குக்குக் காற்று இல்லை. அவன் வண்டியிலிருந்து என் வண்டிக்குக் காற்றுக்குழாய் இழுத்துப் போட்டான். அவன் காற்றில் என் பிரேக் பிடித்தது. சத்தாரா பட்டறை வரைக்கும் நடந்து போவதைவிடக் கொஞ்சம் வேகம். என் கேபினில் எந்தச் சத்தமும் இல்லை. முன்னால் அவன் வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. தார்ப்பாய்க் கயிற்றை இப்போதும் அதே முடிச்சில்தான் கட்டுகிறான்.

ஒரே நாளில் வாங்கின வண்டிகள். ஒன்று இன்னொன்றை லோடோடு இழுத்துக்கொண்டு போனது.

செப்டம்பர் 18, வெள்ளி. சத்தாரா

மத்தியானத்துக்குள் ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். பிஸ்டன் ஒன்றின் தலை தீயில் சுட்ட அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு கிடந்தது. லைனரில் விரல் வைத்தால் கோடு கோடாகப் படுகிறது. பாயிடம் போனில் பட்டறைக்காரர் பேசினார், இரண்டு பேரும் இந்தியிலேயே பேசிக்கொண்டார்கள். போனை என்னிடம் கொடுத்தபோது பாய் திட்டவில்லை. "பிளாக்கு தப்பிச்சுருச்சுங்க. மத்ததெல்லாம் புதுசு போடோணும். பழைய பலம் வருமான்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

என் லோடை வேறு வண்டிக்கு மாற்றச் சொல்லி ஆபீஸில் ஏற்பாடு ஆகிவிட்டது.

நாச்சிமுத்து சிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுதானுங்களா அது? தீப்பெட்டியாட்ட இருக்குது."

"உனக்கு வேணுமா?"

"வேண்டாமுங். பத்தவெச்சா எரியாது போலிருக்குது." என் கையில் திருப்பி வைத்தான். "இன்ஜின் சேத்தறதுக்கு நாளாவும். அதுவரைக்கும் இங்க உக்காந்து என்ன பண்றீங்? எம்பட வண்டில ஏறுங். போயிட்டு வந்தரலாம்."

"உன்ற வண்டில ஏறுனா எப்பப் போய்ச் சேர்றது?"

"போறப்பப் போறதுங். அங்க யாரு நமக்கு மாலையோட நிக்கறாங்க?"

சொல்லிவிட்டு அவன் வண்டியின் பெட்டியைத் திறந்தான். "பசிக்குது மச்சான். அரிசி இருக்குதுங்களா?"

"வண்டு வுழுந்துருச்சு."

"பொடச்சாப் போவுது."

ஸ்டவ்வை எடுத்துக் கீழே வைத்தான். பம்ப் அடிக்க வரவில்லை. உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்து குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பல மாதமாகத் தொடாவிட்டால்தான் அப்படி ஆகும். பட்டறையில் இரண்டு சொட்டு ஆயில் வாங்கி வந்து விட்டேன். ஊறவிட்டு மெல்ல மெல்ல அடித்தான். பிடித்துக்கொண்டது.

முறம் இல்லை. எவர்சில்வர் தட்டில் அரிசியைக் கொட்டி வண்டியின் நிழலில் உட்கார்ந்து புடைத்தான். வண்டுகள் தட்டின் விளிம்பில் ஏறி விழுந்து ஓடின. நான் பருப்பைக் களைந்தேன். விரலைப் பார்க்கக்கூடாது என்றிருந்தேன். பார்த்தேன். பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. பழைய அரிசி, தண்ணீர் வைத்த அளவு தப்பு. இரண்டு முறை வாங்கித் தின்றேன். தட்டைத் தள்ளிக் கை கழுவ எழுந்தபோது, அவன் கரண்டியோடு என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நீங்க இன்னைக்கு ஒண்ணுமே தின்னலீங்ளே மச்சான்" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டான்.

காலையிலேயே பட்டறைக்கு எதிரில் நாலு சப்பாத்தி தின்றிருந்தேன். சொல்லவில்லை.